வண்டி மையிலிருந்து லித்தியம் கிரீஸ் வரை: கார் கதவுக்குள்ள ஒரு கொட்டைமுத்து

கள்ளக்குறிச்சியிலோ உளுந்தூர்பேட்டையிலோ ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், "கார் கதவு சத்தம் போடுது, ஏதாவது குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. டபிள்யூடி-40, சிலிகான் ஸ்பிரே, வெள்ளை லித்தியம் கிரீஸ், சில கடையில் கிராஃபைட் பொடி என்று மூன்று நான்கு சாமானை எடுத்து முன்னால் வைப்பார்கள். வீட்டில் கேட்டால் தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடச் சொல்வார்கள். எல்லாமே வழுக்கும், அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறோம்.

எந்த இடத்துக்கு எது என்பதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. கட்டுரையின் கடைசியில் அதைத் தருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பதில் எப்படி உருவானது என்பதைப் பார்க்கலாம். அந்த வரலாற்றில் எலவனாசூர்கோட்டை பக்கத்து மாட்டு வண்டிக்கும், கடலைக் கொல்லை ஓரத்தில் நிற்கிற ஆமணக்குக்கும் பங்கு இருக்கிறது.

மசகு, மசை, மை, கீல்

இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் லூப்ரிகன்ட் என்பதற்கு "மசகு எண்ணெய்" என்று எழுதுகிறோம். யாரோ கலைச்சொல் குழு உட்கார்ந்து செய்த சொல் போலத் தோன்றும். ஆனால் மசகு பழைய சொல்தான். வண்டி அச்சுக்குப் போடுகிற மை என்பது அதன் பொருள். மசை என்றும் சொல்வார்கள். பேச்சில் வண்டி மை.

கீல் என்ற சொல் இன்னும் சுவாரசியமானது. பழைய அகராதிகளில் அதற்குக் கதவு திரும்புகிற இணைப்பு என்று ஒரு பொருள், உடம்பின் மூட்டு என்று ஒரு பொருள் (கீல்வாதம் அங்கிருந்து வந்தது), தார் என்று இன்னொரு பொருள். அசைகிற மூட்டுக்கும் கறுப்பான பிசுக்குக்கும் தமிழில் ஒரே ஒலியில் சொல் அமைந்திருக்கிறது. இரண்டும் ஒரே வேரா, தனித்தனியா என்கிற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

பழைய வீட்டுக் கதவுகளில் இன்றைய கீல் கிடையாது. கதவுப் பலகையின் மேலும் கீழும் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குடுமி. கீழ்க் குடுமி கல்லிலோ மரத்திலோ குடைந்த குழியில் நின்று சுழலும். கோயில் கதவுகளில் இதை இன்றும் பார்க்கலாம். முழுக் கதவின் எடையும் அந்த ஒரு குழியில் இறங்குகிறது. அசைவு மெதுவானது, எடை பெரியது, தூசி உள்ளே விழும் இடம். இந்த மூன்றும் ஞாபகத்தில் இருக்கட்டும், கார் கதவுக்கு வரும்போது திரும்பத் தேவைப்படும்.

வண்டிச் சக்கரத்துக்கும் இதே பிரச்சினைதான். அச்சு சுற்றாது, குடம் அதன் மேல் சுற்றும், வெளியே கழன்று போகாமல் கடையாணி தடுக்கும். அச்சுக்கும் குடத்துக்கும் நடுவில் ஒரு படலம் இல்லையென்றால் சத்தம், சூடு, தேய்மானம், கடைசியில் முறிவு. உப்பு வணிகர்கள் வண்டியில் உதிரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போன செய்தியைப் புறநானூற்றின் 102-வது பாட்டில் ஔவையார் உவமையாகச் சொல்கிறார். அச்சு முறிவது அந்தக் காலத்தில் அவ்வளவு சாதாரணம். இன்றைய ஸ்டெப்னி போலத்தான் அந்த உதிரி அச்சு.

முறிவைத் தள்ளிப்போடத்தான் வண்டி மை. வைக்கோலை எரித்துக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே கட்டித் தொங்கவிட்டார்கள். எண்ணெய் மட்டும் ஊற்றினால் ஒழுகிப் போய்விடும். கரி சேர்ந்தால் எண்ணெய் கெட்டியாகி அச்சிலேயே தங்கும். எண்ணெய் ஒரு பங்கு, அதை ஒழுகாமல் பிடித்து வைக்கிற பொருள் ஒரு பங்கு: இன்றைய கிரீஸின் இலக்கணமும் இதுதான்.

அதே சமயம் இதை ரொம்பவும் தூக்கிப் பேசவும் கூடாது. நெல் வைக்கோல் சாம்பலில் சிலிக்கா, அதாவது மணலின் பொருள், நிறைய உண்டு. பாத்திரம் துலக்கச் சாம்பல் பயன்பட்டதே அது தேய்க்கும் என்பதால்தான். வண்டி மை வழுக்கவும் செய்தது, கொஞ்சம் அராவவும் செய்தது. அதனால்தான் அடிக்கடி சக்கரத்தைக் கழற்றித் துடைத்துப் புதிதாக மை போட வேண்டியிருந்தது.

ஏன் விளக்கெண்ணெய்?

நம்ம பக்கம் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. எள்ளு உண்டு, கடலை உண்டு, இலுப்பை உண்டு, புங்கன் உண்டு. இவற்றையெல்லாம் செக்கில் ஆட்டினார்கள். கல்வெட்டுள்ள பழைய கல்செக்குகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. ஆனால் கொட்டைமுத்தை வீட்டிலேயே வறுத்து, இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து எடுப்பார்கள். செக்குக்குப் போகத் தேவையில்லாத எண்ணெய் அது. விளக்குக்கு ஆச்சு, வயித்துக்கு ஆச்சு, கவலை இறைக்கிற தோலுக்கு ஆச்சு, வண்டிக்கும் ஆச்சு.

வண்டிக்கு அதையே எடுத்ததற்குப் பொருளின் குணமும் காரணம். 40 டிகிரி சூட்டில் விளக்கெண்ணெய் நல்லெண்ணெயைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு பிசுபிசுப்பானது. அதிலுள்ள கொழுப்பமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம் என்கிற ஒரே வகை. 18 கார்பன் கொண்ட சங்கிலி அது. 12-வது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி, தொங்கும். நாம் சமையலுக்குப் பயன்படுத்துகிற எந்த எண்ணெயிலும் இந்தக் கொக்கி இந்த அளவுக்குக் கிடையாது. ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு இழுத்துப் பிடிப்பதும், இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதும் அதனால்தான். இந்த 12-வது கார்பனை விட்டுடாதீங்க, திரும்ப வரும்.

ரயிலும் விமானமும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 19-ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்கள் மசகுக்கு விளக்கெண்ணெயை நிறையவே பயன்படுத்தின. பெட்ரோலிய மசகு மலிவாகக் கிடைக்கத் தொடங்கும் வரை அது நம்பகமானது, உள்நாட்டிலேயே கிடைப்பது. பிறகு கிணற்று எண்ணெய் வந்தது. அமெரிக்காவில் டைட்டஸ்வில்லில் டிரேக் 1859-ல் எண்ணெய்க் கிணறு தோண்டினார். அசாமின் திக்பாயில் 1901-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. எள் நெய் என்பதிலிருந்து வந்த "எண்ணெய்" என்ற சொல்லுக்கு முன்னால் மண்ணைச் சேர்த்து மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்தோம். விளக்கையும் அதுவே எடுத்துக்கொண்டது. விளக்கெண்ணெய்க்குப் பெயரில் மட்டும் விளக்கு மிஞ்சியது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் லண்டனில் 1899-ல் சார்லஸ் சியர்ஸ் வேக்ஃபீல்ட் என்பவர் ஒரு மசகு எண்ணெய்க் கம்பெனி தொடங்கினார். புதிதாக வந்த கார், விமான இன்ஜின்களுக்காக விளக்கெண்ணெய் கலந்து 1909-ல் ஓர் எண்ணெயைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஆமணக்கு காஸ்டர். அதிலிருந்து பெயர் காஸ்ட்ரால். இன்று பெட்ரோல் பங்க் வாசலில் பச்சை சிவப்பு டப்பாவில் பார்க்கிற அதே காஸ்ட்ரால்தான். பெயருக்குள்ளேயே கொட்டைமுத்து இருக்கிறது.

முதல் உலகப் போரில் தேவை எகிறியது. அப்போதைய போர் விமானங்கள் பலவற்றில் ரோட்டரி இன்ஜின். நோம், லெ ரோன், கிளெர்ஜே என்று வகைகள். சிலிண்டர்களே கிராங்க் தண்டைச் சுற்றி வட்டமாகச் சுழலும். பெட்ரோல் கலவை இன்ஜினின் உள்வயிறு வழியாகவே போகும். சாதாரண பெட்ரோலிய எண்ணெயை அங்கே விட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. எரியாத எண்ணெய் புகையோடு வெளியேறி ஓட்டுபவரின் முகத்தில் அடித்தது. விமானிகளுக்கு வயிறு கலங்கிய கதைகள் அப்படித்தான் பிறந்தன. சின்ன வயதில் காலையில் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் குடிக்க வைக்கப்பட்டவர்கள் அந்தக் கதைகளை எளிதில் நம்பிவிடுவார்கள்.

அன்றைக்கு உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதை பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. 1918-ல் அமெரிக்க அரசு இங்கிருந்து விதை தருவித்துத் தன் விவசாயிகளைப் பயிரிட வைத்தது. விமான மசகுக்காக ஓர் அரசாங்கம் ஆமணக்கு விதைத்தது என்றால் அந்தக் கொக்கியின் அருமையைப் புரிந்துகொள்ளலாம்.

எண்ணெய் சோப்பான கதை

போருக்குப் பின் இன்ஜின்கள் மாறின, பெட்ரோலிய எண்ணெயின் தரமும் ஏறியது. அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போரின்போது. 1942-ல் கிளாரன்ஸ் ஏர்ல் என்ற அமெரிக்கர் லித்தியம் சோப்பால் கெட்டியாக்கிய கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கிரீஸைக் கெட்டியாக்கியது பெரும்பாலும் கால்சியம் சோப்பு அல்லது சோடியம் சோப்பு. கால்சியம் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. சோடியம் சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரையும். லித்தியம் இரண்டையும் தாங்கியது.

சோப்பு செய்யக் கொழுப்பமிலம் வேண்டும். அதில் எது நல்லது என்று தேடியவர்கள் சீக்கிரமே வந்து நின்ற இடம் விளக்கெண்ணெய். அதில் ஹைட்ரஜனை ஏற்றினால் திரவம் கெட்டியான மெழுகாகிறது, 86 டிகிரி வரை உருகாது. அதிலிருந்து 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் கிடைக்கிறது. பெயரில் உள்ள 12, அதே 12-வது கார்பன்தான். இதை லித்தியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தால் வருகிற சோப்பு, நூல் நூலான நார்களாகப் பின்னிக்கொள்ளும். அந்த நார்ச் சிக்கலுக்குள் எண்ணெய் தங்கிவிடும், நனைந்த பஞ்சு மாதிரி. அழுத்தம் விழும்போது கொஞ்சம் கசியும், அழுத்தம் போனால் திரும்ப நிற்கும். ஏறக்குறைய 180 டிகிரிக்கு மேல்தான் உருகிச் சொட்டும்.

ஆக, லித்தியம் கிரீஸ் டப்பாவில் 80 சதவீதத்துக்கு மேல் பெட்ரோலிய எண்ணெய். அதை ஒழுகாமல் பிடித்து வைக்கிற பத்து சதவீதச் சொச்சம் சோப்பின் மூலப்பொருள் ஆமணக்கு. வெள்ளை நிறம் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடால் வருவது. வண்டி மையில் விளக்கெண்ணெய் வழுக்கியது, கரி அதைப் பிடித்து வைத்தது. இங்கே வேலை தலைகீழாக மாறியிருக்கிறது: வழுக்குவது மண்ணெண்ணெயின் உறவுக்காரன், பிடித்து வைப்பது கொட்டைமுத்து.

உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இன்றும் இந்தியாவில்தான் விளைகிறது, அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். ஆனால் நம்ம சாலையிலேயே மேற்கே போனால், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் தாண்டி ஏத்தாப்பூர் வரும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. கல்வராயன் மலையைச் சுற்றிய மரவள்ளி நாட்டில் ஆமணக்குக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பது தற்செயல் இல்லை. நம்ம கொல்லைகளில் அது தனிப்பயிராக நிற்பதைவிடக் கடலைக்கு வரப்போரக் காவலாக நிற்பது அதிகம். புரொடீனியா புழு கடலையை விட்டுவிட்டு ஆமணக்கு இலைக்கு வரும் என்பதால் வேளாண் துறையே அப்படிப் போடச் சொல்கிறது.

அப்போ விளக்கெண்ணெயையே ஊத்தலாமா?

இந்த இடத்தில்தான் ரெண்டு தரப்பு கிளம்பும். "பார்த்தீங்களா, முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும், கெமிக்கல் எதுக்கு"ன்னு ஒரு தரப்பு. "அதெல்லாம் கட்டை வண்டிக் காலம், கம்பெனி சாமானுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்"ன்னு இன்னொரு தரப்பு. இரண்டுமே பொருளைப் பார்க்காமல் பேசுவது.

தாவர எண்ணெய் காற்றில் காய்ந்து பிசினாகும் தன்மையை அயோடின் எண் ஓரளவு காட்டும். எண் கூடக் கூட வேகமாகக் காயும். தேங்காய் எண்ணெய்க்கு இது 6 முதல் 11. விளக்கெண்ணெய்க்கு 82 முதல் 90. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. மரச்சாமானுக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். குத்துவிளக்கின் அடியில் நல்லெண்ணெய் பிசுக்கு இறுகி, புளி போட்டாலும் போகாமல் நிற்பது இதனால்தான். கதவு லாட்சுக்குள் நல்லெண்ணெய் விட்டால் அங்கேயும் அதுதான் நடக்கும்.

தேங்காய் எண்ணெய் காயாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் குளியலறை டப்பா கட்டியாகிறதே, அதே நேரத்தில் பூட்டுக்குள் விட்டதும் கட்டியாகும். விளக்கெண்ணெய் உறையாது, சீக்கிரம் காயாது. ஆனால் நாள்பட்ட சூட்டில் ஆக்சிஜனேறிக் கெட்டியாகும். பழைய ரேஸ் இன்ஜின்களில் அது படிய வைத்த வார்னிஷ் கறையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கதவு இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். மாட்டு வண்டிக்காரர் அடிக்கடி துடைத்து மாற்றினார். நாம் கார் கதவை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம்.

எந்த இடத்துக்கு எது

*கதவுக் கீல், கதவைப் பாதியில் நிறுத்துகிற பட்டை:* கோயில் கதவுக் குடுமியின் அதே நிலைமை. மெதுவான அசைவு, பெரிய எடை, தூசி. இங்கே லித்தியம் கிரீஸ். கிரீஸின் கெட்டித்தன்மைக்கு என்எல்ஜிஐ என்ற எண் உண்டு. இந்த வேலைக்கு 2 என்று போட்டிருப்பது சரி. பழைய கிரீஸைத் துணியால் முழுக்கத் துடைத்த பிறகே புதிது. லித்தியம் மேல் வேறு வகைக் கிரீஸ் விழுந்தால் சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் இளகி ஒழுகிவிடும். பல புதிய கார்களின் கீலில் டெஃப்லான் பூச்சுப் போட்ட புஷ் இருக்கிறது. அங்கே சத்தம் இல்லையென்றால் கை வைக்கவே வேண்டாம்.

*லாட்ச்:* லித்தியம்தான், ஆனால் மெல்லிசாக. உள்ளே சின்ன ஸ்பிரிங்குகள் உண்டு. அப்பி வைத்தால் தூசியோடு சேர்ந்து களியாகி ஸ்பிரிங் திரும்புவதைத் தாமதப்படுத்தும். கதவு மூடின மாதிரி இருக்கும், கொக்கி முழுக்க விழுந்திருக்காது. குழந்தை சாய்ந்து உட்கார்ந்திருக்கிற கதவில் இது சின்ன விஷயம் இல்லை.

*சாவித் துளை:* ஈரமே வேண்டாம். கிராஃபைட் பொடி, அல்லது காய்ந்து போகிற டெஃப்லான் ஸ்பிரே. இரண்டில் ஒன்று மட்டும். கிராஃபைட் மேல் எண்ணெய் விட்டால் பழைய வண்டி மையைத் திரும்பத் தயாரித்த மாதிரி.

*ரப்பர் பீடிங், கண்ணாடி ஏறி இறங்குகிற ரப்பர் தடம்:* சிலிகான் மட்டும். இந்த ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் வகை. பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ பட்டால் உப்பி மெதுமெதுவென்று ஆகிவிடும். சிலிகான் அதை ஒன்றும் செய்யாது. நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். பெயிண்டில் சிலிகான் படிந்தால் பின்னால் டிங்கரிங் வேலையின்போது புதுப் பெயிண்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். பிரேக் பெடல், ஸ்டியரிங் பக்கம் கொண்டு போகவே கூடாது.

*சீட் ரெயில்:* முதலில் மண், பிஸ்கட் தூள் எல்லாவற்றையும் வேக்குவத்தில் எடுத்து, பிறகு லித்தியம் கிரீஸ் ஒரு கோடு. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது; தொடவே கூடாது.

*டேஷ்போர்டு கிறீச்:* மசகுக்கு இங்கே வேலை இல்லை. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டி ஒட்டி விடுபடுகிற சத்தம் அது. நடுவில் ஃபெல்ட் டேப் ஒட்டினால் நிற்கும். கரைப்பான் உள்ள ஸ்பிரே சில பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் விடும்.

*சீட் பெல்ட்:* எதுவுமே வேண்டாம். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சுருட்ட விடுங்கள்.

டபிள்யூடி-40-ஐ ஏன் எதிலும் சொல்லவில்லை என்று கேட்கலாம். 1953-ல் அமெரிக்காவின் சான்டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி தயாரித்தது அது. நீரை விரட்டுவது என்பதன் ஆங்கில முதலெழுத்துகளோடு, நாற்பதாவது முயற்சி என்பதற்கான எண்ணும் சேர்ந்த பெயர். அட்லஸ் ஏவுகணையின் மேல் தோல் துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்பட்டது. ஈரத்தை விரட்ட, துருவை இளக்க, பழைய பிசுக்கைக் கழுவ அருமையான சாமான். அது விட்டுச் செல்கிற படலம் மெல்லியது. கீல் மாதிரி எடை தாங்குகிற இடத்தில் ரொம்ப நாள் நிற்காது. கீலைக் கழுவ அதைப் பயன்படுத்துங்கள், துடைத்துவிட்டுக் கிரீஸ் போடுங்கள்.

மேலே சொன்ன பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எடை எவ்வளவு, அசைவு எவ்வளவு வேகம், தூசி விழுமா, பக்கத்தில் ரப்பர் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைப்போம் என்று ஐந்து கேள்வி கேட்டால் பதில் தானாக வந்துவிடும். இதில் ரப்பரைத் தவிர மற்ற நான்கையும் வண்டி ஓட்டினவர்கள் கேட்டிருக்கிறார்கள். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் அவர்களுக்குக் கிடைத்த பதில். நமக்குக் கடையில் கூடுதலாக நான்கு பதில் கிடைக்கிறது.

மசகு, மசை, மை என்று மூன்று பெயரை எழுதியிருக்கிறேன். அதைப் போட்டுத் தொங்கவிட்ட மூங்கில் குழாய்க்கும் ஊருக்கு ஊர் பெயர் இருந்திருக்கும். கட்டை வண்டி ஓட்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எதை எரித்தார்கள், எந்த எண்ணெயில் குழைத்தார்கள், குழாயை என்னவென்று சொன்னார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். டயர் வண்டியும் பால்பேரிங்கும் வந்த பிறகு பிறந்தவர்களிடம் அந்தச் சொற்கள் கிடைக்காது.